பொதுப்பணி ஊழியர்களுக்கு நன்றி விழா நடத்துவது எப்படி?

சாலை, குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர்களின் வேலை, ஒழுங்காக நடக்கும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளில் நீரேற்று நிலையத்தில் இருப்பவரை யாரும் நினைப்பதில்லை. வராத அன்றுதான் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். அதனால்தான் இவர்களுக்கு விழா எடுக்கும்போது “அனைவருக்கும் நன்றி” என்று மேடையில் சொல்லி முடித்துக்கொள்வது போதாது. யார், எந்த வேலையை, எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்தயாரிப்பு வேண்டும். குடியிருப்போர் சங்கம், பள்ளி, உள்ளாட்சி அலுவலகம் என்று யார் நடத்தினாலும் ஆறு வாரம் முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் பெயர்ப் பட்டியல்

பெரும்பாலான விழாக்கள் சறுக்குவது இங்கேதான். அலுவலகத்தில் பட்டியல் கேட்டால் நிரந்தர ஊழியர்களின் பெயர்கள் மட்டுமே வரும். ஒப்பந்தத் தொழிலாளர்களின் வருகைப்பதிவேடு ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் இருக்கும். தினக்கூலிக்கு வருபவர்களின் பெயர் பல நேரங்களில் களத்தில் இருக்கும் மேஸ்திரிக்கு மட்டுமே தெரியும். மூன்று இடங்களிலும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே குழியில் இறங்கி ஒரே குழாயைச் சரிசெய்த இருவரில் ஒருவருக்குச் சான்றிதழ், மற்றவருக்குக் கைதட்டும் வேலை என்று ஆகிவிட்டால், அந்த விழாவை நடத்தாமல் இருந்திருக்கலாம்.

கண்ணில் படாதவர்களையும் தேடிச் சேருங்கள்: இரவு ஷிஃப்ட் பம்ப் ஆபரேட்டர், வால்வு திறந்து மூடுபவர், நீர்மாதிரி சோதிக்கும் ஆய்வக ஊழியர், பணிமனை மெக்கானிக், உதிரிபாகக் கிடங்கைப் பார்ப்பவர், புகார்த் தொலைபேசியை எடுப்பவர். பெயரின் எழுத்துகளையும் தலைப்பெழுத்தையும் அவரவரிடமே காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். பெயர் தப்பாக அச்சான சான்றிதழை யாரும் வீட்டுச் சுவரில் மாட்டமாட்டார்கள்.

நாளும் நேரமும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் மே மாதத்தின் மூன்றாவது முழு வாரம் தேசியப் பொதுப்பணி வாரமாகக் கொண்டாடப்படுகிறது. அமெரிக்கப் பொதுப்பணிச் சங்கம் 1960-இல் தொடங்கிவைத்தது அது. உங்கள் விழாவுக்கு அந்த வாரம்தான் வேண்டும் என்பதில்லை. மழைக்கு முந்தைய தூர்வாரும் நாட்கள், பெரிய பராமரிப்புக்காகக் குடிநீர் நிறுத்தப்படும் நாட்கள் ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும். அவற்றின் தேதியைப் பிரிவுப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

விடுமுறை நாளில் அவர்களை வரவழைக்காதீர்கள். விழா நேரமும் பணிநேரமாகவே கணக்கிடப்படும், கூலி பிடிக்கப்படாது என்பதை அலுவலகத்திடமும் ஒப்பந்ததாரரிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி வந்த தினக்கூலியாளருக்கு அன்றைய கூலியில் பாதி போய்விட்டால், பாராட்டே அபராதமாகிவிடும்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நடத்தினால் இரண்டு ஷிஃப்ட்காரர்களும் பாதிப்பாதியாவது வர முடியும். அதிலும் நல்லது, ஒரே நிகழ்ச்சியைக் காலையிலும் பிற்பகலிலும் இரண்டு முறை சுருக்கமாக நடத்துவது. ஒவ்வொன்றும் 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நீரேற்று நிலையத்தை விட்டு நகர முடியாதவரிடம் நீங்களே நேரில் போய்ச் சான்றிதழைக் கொடுங்கள். சிறப்பு விருந்தினர் தாமதமானால் அவருக்காகக் காத்திருக்காமல் தொடங்கிவிடுங்கள். நேராக வேலையிலிருந்து வருபவர்களுக்குக் கைகால் கழுவ இடம், சோப்பு, மாற்றுடையும் காலணியும் வைக்கப் பூட்டுள்ள அறை ஆகியவை தயாராக இருக்கட்டும். முன்வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு, அதிகாரிகளுக்குப் பின்வரிசை.

பாராட்டில் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது

ஒவ்வொருவருக்கும் மூன்று வரி போதும். என்ன பழுது, எங்கே, எத்தனை வீடுகளுக்கு அது முக்கியம், சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்ற நான்கையும் உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். “கடமை தவறாத உழைப்பாளி” என்பது எல்லோருக்கும் பொருந்துவதால் யாரையும் தொடாது. “நள்ளிரவில் மோட்டார் நின்றதும் மாற்று மோட்டாரை ஓட்டி, கழிவுநீர் வீடுகளுக்குள் ஏறாமல் தடுத்தார்” என்று சொன்னால் கேட்பவர்களுக்கு அந்த வேலையும் புரியும், ஆளும் நினைவில் நிற்பார். “ஆண்டின் சிறந்த ஊழியர்” என்று ஒருவரைப் பொறுக்கியெடுப்பது கள வேலைக்குப் பொருந்தாது. அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்டிங் வண்டியில் ஓட்டுநர், குழாய் பிடிப்பவர், குழியருகே நின்று கண்காணிப்பவர் மூவரும் சேர்ந்தால்தான் ஓர் அடைப்பு நீங்கும். குழுவாகவே பாராட்டுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆபத்தைத் துணிச்சலாக்கிப் புகழாதீர்கள். “உயிரைத் துச்சமென மதித்துக் குழிக்குள் இறங்கினார்” என்று மேடையில் சொன்னால், அடுத்த முறை கருவி இல்லாமல் இறங்கச் சொல்லும் மேற்பார்வையாளருக்கு அது சாட்சியாகிவிடும். பாதாளச் சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல நாறும். பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கை எட்டும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்தக் கணமே மிக மோசமானது. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனால் அங்கே இறங்கக் கூடாது என்பது பாதுகாப்பு வரம்பு. எரியும் வாயுவான மீத்தேன் சேர்ந்திருந்தால், வெடிக்க ஒரு பொறியே போதும். மயங்கி விழுந்தவரைத் தூக்க அவசரத்தில் உள்ளே குதிக்கும் தோழர்களும் அங்கேயே இறந்துபோவது இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

ஆகவே இயந்திரத்தாலேயே வேலையை முடித்த குழுவையும், வாயுமானி வைத்துச் சோதிக்காமல் இறங்கமாட்டேன் என்று நின்றவரையும், இறங்குபவரை மேலே தூக்க உதவும் மூன்றுகால் தாங்கியும், அவர் உடலில் மாட்டும் வாரும் வரும்வரை வேலையை நிறுத்திவைத்த மேற்பார்வையாளரையும் மேடையேற்றுங்கள். அன்றைக்கு அப்படிச் சொன்னதால் யாரிடமாவது திட்டு வாங்கியிருந்தால், இந்தப் பாராட்டு அவருக்கு இரண்டு மடங்கு சேர வேண்டியது.

என்ன கொடுப்பது

கையுறை, பூட்ஸ், முகக்கவசம், ஒளி எதிரொளிக்கும் மேலங்கி ஆகியவற்றைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். அவை வேலை கொடுப்பவரின் கடமை. பரிசாகத் தந்தால், கொடுக்கத் தவறியவரின் குறை மறைந்துபோகும். அளவு சேராத பூட்ஸ் வேறு ஆபத்து. பரிசு எதுவானாலும் எல்லோருக்கும் ஒரே மதிப்பில் இருக்கட்டும். நன்கொடையாளரின் பெயரைப் பொருளின் மேல் பெரிதாக அச்சிட வேண்டாம்.

நெடுநாள் பயன் தருவது ஒரு கடிதம். அதில் நாள், இடம், செய்த வேலை, அதனால் விளைந்த பயன் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, துறைத் தலைவருக்கு எழுதுங்கள். இதைப் பணிப்பதிவேட்டில் சேர்க்கவேண்டும் என்று கடைசி வரியில் கேளுங்கள். ஊழியருக்கு முத்திரையிட்ட ஒரு பிரதி கொடுங்கள். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவராகவே கருதப்படும் தொழிலாளருக்கு, தான் செய்த வேலைக்கு எழுத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி சில நேரம் இதுவாகவே இருக்கும்.

வண்டிகளைக் காட்சிக்கு வைத்தால்

குழந்தைகள் விரும்புவது இதைத்தான், விபத்து நடக்கக்கூடியதும் இங்கேதான். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பொக்லைனின் பக்கெட்டைத் தரையில் படும்படி இறக்கிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். தூக்கிய நிலையில் விட்டால், யாராவது லிவரைத் தொட்டதும் இறங்கிவிடலாம். சாவி ஆபரேட்டரின் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஆபரேட்டர் ஒருவர், தன்னார்வலர் ஒருவர். இருக்கையில் ஒரு நேரத்தில் ஒரே குழந்தை. கூட்டம் வருவதற்கு முன்பே வண்டிகள் உள்ளே வந்துவிட வேண்டும், கூட்டம் முழுவதும் கலைந்த பின்பே நகர வேண்டும். குப்பை வண்டியையும் கழிவுநீர் உறிஞ்சும் வண்டியையும் முந்தைய நாளே கழுவிக் கிருமிநாசினி தெளித்துவிடுங்கள்.

வெறுமனே பார்க்கவைப்பதைவிடச் செய்துபார்க்கவைப்பது மேல். லாரியைச் சுற்றிப் பத்துக் கூம்புகளை வைத்து, ஓட்டுநர் இருக்கையில் அமரும் குழந்தையிடம் எத்தனை தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். முன்பக்கத்துக்கு ஒட்டினாற்போலவும் நேர் பின்னாலும் வைத்தவை தெரியாது. பின்னோக்கி வரும் குப்பை வண்டிக்குப் பின்னால் ஏன் ஓடக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. குடிநீர் மேசையில், தண்ணீரில் மாத்திரை போட்டதும் இளஞ்சிவப்பாக மாறும் எஞ்சிய குளோரின் (கிருமிநீக்கத்துக்குப் பின் நீரில் மீதமிருக்கும் குளோரின்) சோதனையைக் காட்டலாம். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் நாள்தோறும் மாதிரி எடுக்கிறார் என்பதை அங்கேயே அவரை வைத்துச் சொல்லவையுங்கள். உப்புப் படிந்து பாதியாய்ச் சுருங்கிய பழைய குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தால் கட்டாயம் வையுங்கள்.

புகைப்படம் எடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். தான் செய்யும் வேலை உறவினர்களுக்குத் தெரியவேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அவர்கள் விருப்பம்.

விழா முடிந்த பிறகு

அன்றே வீடுகளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி ஆகியவற்றைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, மேலே எழுதித் தனியாகக் கொடுக்க வேண்டும். எண்ணெயையும் ஈரத் துடைப்புத் தாளையும் சாக்கடையில் விடக் கூடாது. எண்ணெய் குளிர்ந்து உறைந்து, தாளோடு சேர்ந்து கட்டியாகிக் குழாயை அடைக்கும். அதை எடுக்கத்தான் ஓர் ஆள் வர வேண்டியிருக்கிறது. குழிமூடியின்மேல் வாகனம் நிறுத்த வேண்டாம். சாலை வேலை நடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

புகார் கொடுக்கும் முறையையும் அதிலேயே அச்சிடுங்கள். “எங்கள் தெருவில் தண்ணீர் ஒழுகுகிறது” என்றால் ஊழியர் தெரு முழுக்க அலைய வேண்டும். அருகிலுள்ள கதவு எண் அல்லது மின்கம்ப எண், எப்போதிலிருந்து, வருவது தெளிந்த நீரா கலங்கலா, தொடர்ந்து வருகிறதா விநியோக நேரத்தில் மட்டுமா என்று சொன்னால் சரியான கருவியோடு வருவார். விநியோக நேரத்தில் மட்டும் வந்தால் பெரும்பாலும் குடிநீர்க் குழாய்க் கசிவு. எப்போதும் நாற்றத்தோடு கலங்கலாக வந்தால் கழிவுநீராக இருக்கலாம். பழுது சரியானதும் அதே எண்ணுக்கு மறுபடி அழைத்து, வந்தவரின் பெயரைச் சொல்லி வேலை முடிந்துவிட்டது என்று பதிவுசெய்யச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுப் பாராட்டுக்கான குறிப்புகள் அந்தப் பதிவேட்டிலிருந்தே கிடைத்துவிடும்.