ரப்பர் போட்டுக்கு மோட்டார் வாங்கப் போறீங்களா? ஹெச்பி-யை கடைசில பாருங்க

காட்டுக்குள்ள இருக்குற ஏரி, ஆறுன்னு ரப்பர் போட்டைச் சுருட்டித் தூக்கிட்டுப் போறவங்க மோட்டார்னு வந்தாலே முதல்ல கேக்குறது எத்தனை ஹெச்பி-ன்னுதான். அது கடைசிக் கேள்விங்க.

படி 1: போட்டைப் பாருங்க

பின்பலகை, அதாவது போட்டோட பின்னாடி மோட்டாரை மாட்டுற பலகை, அதுக்குப் பக்கத்துல ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும், அதிகபட்ச ஹெச்பி, எடை ரெண்டும் அதுல போட்டிருக்கும், அதைத் தாண்டாதீங்க. பின்பலகையே இல்லாத போட்டுன்னா தனியா மவுன்ட் மாட்டி சின்ன எலக்ட்ரிக் மோட்டாரோட நிறுத்திக்கோங்க.

அப்படியே டேப் வச்சு பின்பலகை உயரத்தை அளந்துடுங்க. 15 இன்ச் கிட்ட இருந்தா ஷார்ட் ஷாஃப்ட் மோட்டார் (தண்ணிக்குள்ள இறங்குற கால் குட்டையானது), 20 கிட்டன்னா லாங். மோட்டாரை மாட்டுனதும் ப்ரொப்பல்லருக்கு மேல படுக்கையா இருக்குற தகடு, போட்டோட அடிமட்டத்துக்குச் சமமா, இல்ல ஒரு இன்ச் கீழ வரணும். ரொம்ப மேல இருந்தா ப்ரொப்பல்லர் காத்தை இழுத்துட்டு சும்மா சுத்தும், எஞ்சின் கத்தும் ஆனா போட் நகராது. ரொம்ப கீழ போனா பாறையில இடிக்கும்.

படி 2: பெட்ரோலா, எலக்ட்ரிக்கா?

சில ஏரில பெட்ரோல் எஞ்சினுக்குத் தடை இருக்கும், அங்க யோசிக்கவே வேணாம். மத்த இடத்துல கணக்கு போடுங்க. 55 பவுண்ட் த்ரஸ்ட் (தள்ளுற விசை) இருக்குற 12 வோல்ட் மோட்டார் ஃபுல் ஸ்பீடுல சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது 50 ஆம்பியர் இழுத்தா கணக்குப்படி ரெண்டு மணி நேரம்) லெட் ஆசிட் பேட்டரியை பாதிக்கு மேல காலி பண்ணா சீக்கிரம் கெட்டுடும், அப்போ உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு மணி நேரம் கூட இல்ல! மெதுவா போனா நல்லாவே நீளும்தான், ஆனா அந்த பேட்டரி 25 கிலோவுக்கு மேல, அதை யாரு தூக்குறது? லித்தியம்னா அதுல பாதி எடைதான், விலைதான் கடிக்கும், அதுவும் காட்டுல சார்ஜ் பண்ண முடியாது.

2.5 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார் 17, 18 கிலோ வரும், டேங்க் ஒரு லிட்டர் கிட்ட, தீந்தா கேன்ல இருந்து ஊத்திக்கலாம். ஒரே ஏரில அமைதியா மீன் பிடிக்க எலக்ட்ரிக், நாள் கணக்கா போறதுன்னா பெட்ரோல், என் ஓட்டு இதுதான்.

படி 3: இப்போ ஹெச்பி

3 மீட்டர் போட் தண்ணியைக் கிழிச்சுட்டு போற வரைக்கும் மணிக்கு 7 கிலோமீட்டர் சுமார்தான், அதுக்கு 2.5 போதும். தண்ணி மேல எழும்பிப் பறக்கணும்னா ரெண்டு பேருக்கு 8, 10 ஹெச்பி வேணும், மோட்டார் எடையும் டபுளுக்கு மேல போயிடும். 4, 5 ஹெச்பி வாங்கிட்டு வேகம் வரலையேன்னு புலம்புறவங்கதான் அதிகம்.

படி 4: கிளம்பும் முன்னாடி

ஃபோர் ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கமா படுக்க வைக்கணும்னு மேனுவல்ல பாருங்க, மாத்தி வச்சா ஆயில் சிலிண்டருக்குள்ள போயிடும். ப்ரொப்பல்லர் பாறையில அடிச்சா முதல்ல உடையறது ஷியர் பின், ப்ரொப்பல்லரை ஷாஃப்டோட பிடிச்சிருக்குற சின்ன பின், அது உடைஞ்சாதான் கியர் தப்பிக்கும், அதனால ஸ்பேர் ரெண்டு மூணும் ஒரு ப்ளையரும் போட்லயே இருக்கட்டும். கில் கார்டை (நீங்க தண்ணில விழுந்தா எஞ்சினை நிறுத்துற கயிறு) கையில மாட்டாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. துடுப்பு? எந்த மோட்டாரா இருந்தாலும் கட்டாயம் வேணும்.