பைக் மீட்டரில் மைலேஜ் தப்பாகக் காட்டுகிறதா?

முதலில் யூனிட்டைப் பாருங்கள். லிட்டருக்கு 40 கி.மீ. என்பதும் 100 கி.மீ.க்கு 2.5 லிட்டர் என்பதும் ஒன்றுதான், ஆனால் செட்டிங் மாறிப்போய் திடீரென 2.5 என்று காட்டினால் யாருக்குமே பகீர் என்றுதான் இருக்கும்.

அடுத்து, திரையில் தெரிவது அந்த நொடியின் மைலேஜா, சராசரியா? நொடிக்கு நொடி வருவது ஆக்ஸிலரேட்டரைத் திருகினாலே தாறுமாறாக ஆடும், அதை விட்டுவிடுங்கள்.

சராசரியிலேயே சந்தேகம் என்றால் டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை (ஓடிய தூரத்தைக் காட்டுவது) ஜீரோ செய்து, ஓட்டிவிட்டு, மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். 310 கி.மீ.க்கு 7.2 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு சுமார் 43. இரண்டு தடவையும் வண்டி ஒரே மாதிரி நிற்க வேண்டும், ஒருமுறை சைடு ஸ்டாண்டு, இன்னொரு முறை சென்டர் ஸ்டாண்டு என்றால் கணக்கே கெட்டுவிடும். இரண்டு மூன்று டேங்க் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மீட்டர் பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்துக் கணிக்கிறது. அதனால் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். தூரக் கணக்கே தப்பென்றால் மீட்டரின் மைலேஜும் ட்ரிப்பை வைத்து நீங்கள் போட்ட கணக்கும் சேர்ந்தே தப்பும், அதையும் சந்தேகப்படுங்கள்: டயர் சைஸ் மாற்றினீர்களா? ஸ்பீடு சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும் வண்டியில் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றினாலும் இதே கதைதான்.

சாவியை அணைத்ததும் ட்ரிப் அழிந்துவிடுகிறதா? பேட்டரி டெர்மினலை இறுக்குங்கள், அப்புறம் மீட்டருக்குப் போகும் ஃபியூஸைப் பாருங்கள்.