வீட்டிலேயே த்ரெட்டிங்: முதலில் காலில், அப்புறம் முகத்தில்

பார்லர் அக்கா நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் அப்பர் லிப்பை முடித்துவிடுவார். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் நூலைக் கடித்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்காதீர்கள். வாயில் நூல் இருக்கும்போது வாய்க்கு மேலே இருக்கும் முடியை எப்படி எடுப்பது? நமக்கு நாமே செய்துகொள்ள வசதியானது நூலை வளையமாகக் கட்டி இரண்டு கையாலும் பிடிக்கும் முறைதான். உதட்டுக்கு மேலே, முகவாய், கன்ன ஓரம், நெற்றி இந்த நாலு இடத்துக்கும் அது போதும். புருவம் இப்போதைக்கு வேண்டாம், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நூல். பருத்தி நூல்தான் வேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் த்ரெட்டிங் நூல் என்று கேட்டாலே கொடுப்பார்கள். வீட்டில் இருக்கும் தையல் நூலை எடுப்பதாக இருந்தால் ஒரு சின்னத் துண்டைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி முனையில் கறுப்பாக உருண்டை கட்டினால் பாலியஸ்டர், அது வழுக்கும், தோலையும் அறுக்கும். பூ கட்டும் நூல் முறுக்குத் தாங்காமல் பாதியில் அறுந்துவிடும்.

ஒன்றரை முழம், அதாவது 60 முதல் 70 செ.மீ. நூலை வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். முடிச்சு எப்போதும் கைக்குள்தான் இருக்க வேண்டும், முறுக்கு ஓடும் பாதையில் வந்தால் சிக்கிக்கொள்ளும். வளையத்தின் இரண்டு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நுழைத்து, ஒரு கையை மட்டும் எட்டுப் பத்து சுற்று சுற்றுங்கள். சின்ன வயதில் சோடா மூடியைத் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, நூல் கோத்து விர்ரென்று இழுத்து விளையாடியவர்களுக்கு இந்தப் பிடி உடனே வந்துவிடும். இப்போது நடுவில் முறுக்கும், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முக்கோணமும் இருக்கும்.

இனிமேல்தான் விஷயமே. வலது கை விரல்களை விரித்தால் முறுக்கு இடது பக்கம் ஓடும், இடது கையை விரித்தால் வலது பக்கம் ஓடும். ஒரு கை விரியும்போது மற்றது குவிய வேண்டும், இரண்டும் சேர்ந்து விரிந்தால் நூல் இறுகி நின்றுவிடும். டிவி பார்த்துக்கொண்டே வெறும் காற்றில் இதைச் செய்து பழகுங்கள். கண் பார்க்காமலே கை போய்வர ஆரம்பித்ததும், முழங்காலுக்குக் கீழே முடி இருக்கும் இடத்தில் முயன்று பாருங்கள். காலில் தவறாகப் போனால் யாருக்கும் தெரியப் போவதில்லை!

முடி, விரிந்திருக்கும் முக்கோணத்துக்குள் இருக்க வேண்டும், முறுக்கு அதன் ஓரத்தில் தோலை ஒட்டி நிற்க வேண்டும். இடது பக்க முக்கோணத்துக்குள் முடி இருந்தால், வலது கையை விரியுங்கள். முறுக்கு முடியின் மேல் ஓடி, அதைக் கவ்விப் பிடுங்கும். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கமாக ஓட விடுங்கள். முடி வராமல் அறுந்து நின்றால் பெரும்பாலும் திசை தப்பு, அல்லது தோல் தளர்வாக இருந்திருக்கும். நூலைத் தோலில் அழுத்தாதீர்கள், பட்டும் படாமலும் இருந்தால் போதும்.

சரி, முகத்துக்கு வருவோம். முகத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, லேசாகப் பவுடர் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நூல் வழுக்கும், பவுடர் போட்டால் பூனை முடிகூடக் கண்ணுக்குத் தெரியும். கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

இரண்டு கையிலும் நூல் இருப்பதால் தோலை இழுத்துப் பிடிக்க நாக்குத்தான் துணை. உதட்டுக்கு மேலே எடுக்கும்போது மேலுதட்டைப் பல்லுக்கு மேல் மடக்கி, உள்ளிருந்து நாக்கால் தள்ளுங்கள். முகவாய்க்கு நாக்கைக் கீழ்ப் பல்லுக்கு முன்னால் கொண்டுபோய் அழுத்த வேண்டும். கன்ன ஓரத்துக்குக் கன்னத்தை உப்பிக்கொண்டால் சரி. இதில் மூக்குக்கு நேர் கீழே இருக்கும் இடம்தான் உயிர் போகும், கண்ணீர் தன்னால் வரும், ஆகவே உதட்டின் ஓரத்தில் ஆரம்பித்து நடுவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நாலைந்து தடவை ஓட்டியும் வராத முடியை விட்டுவிடுங்கள், அடுத்த முறை வரும். நெற்றி எளிது, அதற்கு விளக்கமே வேண்டாம்.

முடிந்ததும் சிவக்கும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒற்றி, கற்றாழை ஜெல் தடவுங்கள். எலுமிச்சை, ப்ளீச், ஸ்க்ரப், சென்ட் எதுவும் அன்றைக்கு வேண்டாம். கல்யாணம், விசேஷம் என்றால் இரண்டு நாள் முன்னாடியே முடித்துவிடுங்கள், அன்று காலையில் செய்தால் மேக்கப்புக்கு அடியிலும் சிவப்புத் தெரியும், சிலருக்குப் பொரிப்பொரியாகவும் கிளம்பும். நூலைத் தூக்கிப் போடுங்கள். அடுத்த தடவைக்குப் புது நூல், ஒருவர் நூலை இன்னொருவர் தொடவே கூடாது.

பழுத்த பரு, பாலுண்ணி, மரு, வெயிலில் கன்றிய தோல், இந்த இடங்களில் நூலை ஓட்டாதீர்கள். பருவுக்கு ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்ற க்ரீம் போடுகிறவர்களுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் தோல் மெலிந்து எளிதில் உரியும், டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். த்ரெட்டிங் செய்தால் முடி தடித்து வளரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்பிப் பயப்படவும் வேண்டாம். வேரோடு வந்த முடி இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பழையபடி முளைக்கும், அவ்வளவுதான். ஆனால் முகவாயில் புதிதாகக் கறுப்பாக, முரடாக முடி வர ஆரம்பித்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் அது நூலோடு தீருகிற காரியமில்லை, சினைப்பை நீர்க்கட்டியா என்று பரிசோதிக்க வேண்டும்.

புருவத்துக்கு வருகிறேன். பார்லரில் மேல் இமையையும் நெற்றியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்களே, வீட்டில் தனியாகச் செய்யும்போது அந்த இரண்டு கைக்கு எங்கே போவது? இமைத் தோல் மெல்லியது, தளர்ந்திருந்தால் நூல் அதையும் சேர்த்துக் கவ்வும். இரண்டு முடி கூடப் போனாலும் வடிவம் கெட்டுவிடும். அதனால் வடிவத்தை மட்டும் பார்லரில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு புருவத்துக்கும் நடுவே முளைப்பதை நீங்களே நூலால் எடுக்கலாம், புருவத்துக்குக் கீழே ஒன்றிரண்டு துருத்திக்கொண்டு வந்தால் ட்வீசர் போதும்.