பீடம் சோடிக்கப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் முதல்முறையாகப் பீடம், அதாவது குருவானவர் பூசை வைக்கிற மேசை, சோடித்தார்கள். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் இருந்து இரண்டு பை நிறையச் சம்பங்கியும் ரோஜாவும் வாங்கி வந்திருந்தார்கள். ஆசை ஆசையாகத்தான் செய்தார்கள். ஆனால் இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்புகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்தார்கள். கைப்பேசியை அணைப்பது, நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழைக்கு முன் முழந்தாளிடுவது எல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. அதையெல்லாம் தெரிந்தவர்களும் செய்கிற தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

பீடத்தின்மேல் சாமான் வைப்பது

கத்தரிக்கோல், டேப், தண்ணீர் பாட்டில் எதுவும் கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

பூவால் பீடத்தை மறைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

ஒரு புதுநன்மை விழா, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பிள்ளைகள் பதினெட்டு பேர். கல்யாண மேடை போடுகிற ஒருவரைக் கூப்பிட்டு, பீடத்துக்கு முன்னால் நாலடி உயரத்துக்குப் பூச்சுவர் எழுப்பினோம். நடுவில் தெர்மோகோலில் வெட்டி ஜிகினா ஒட்டிய எழுத்துகள். இரண்டு பக்கமும் சீரியல் செட். பெற்றோரிடம் வசூலித்த பணம் முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்று பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு பெருமை.

மறுநாள் பூசையில் எழுந்தேற்றம். மணி அடித்தது, சாமியார் அப்பத்தை உயர்த்தினார். முன்வரிசையில் முழங்கால் போட்டிருந்த பாட்டி ஒருவர், கூப்பிய கையை இறக்காமலே கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். பூச்சுவரைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியவில்லை. பூசை முடிந்ததும் என்னிடம் வந்தார். முகத்தில் கோபமே இல்லை. "ஏன் கண்ணு, சாமிய எதுக்கு மறைச்சு வெச்சீங்க?" என்று கேட்டார்.

சுவரைப் பிரித்தபோது, பூ செருகிய ஸ்பாஞ்சில் இருந்து கசிந்த தண்ணீரில் பீடத்து வெள்ளைத் துணி பச்சைக் கறை பிடித்திருந்தது. டேப்பை உரித்த இடங்களில் மரத்தின் பாலிஷும் கூடவே உரிந்து வந்தது. அதைச் சரிபண்ண மறுபடியும் வசூல். பணம்கூடப் போகட்டும். அந்தப் பதினெட்டுப் பிள்ளைகள் முதன்முதலாக நன்மை வாங்கிய நாளில், அவர்கள் பார்க்க வேண்டியதை நாங்களே மறைத்துவிட்டோம். அதை எந்த வசூலில் திருப்பிக் கொடுப்பது?

பூசை எப்படி நடக்க வேண்டும் என்று திருச்சபை சொல்லும் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 305-ஆம் எண்ணை ஒருமுறை படித்துவிடுங்கள். பூ அலங்காரம் எப்போதும் அளவோடு இருக்க வேண்டும், பீடத்தின்மேல் வைக்காமல் அதைச் சுற்றி வைக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. பீடம் கிறிஸ்துவைக் குறிக்கிறது. அதனால்தான் பூசை தொடங்கும்போது குருவானவர் அதை முத்தமிடுகிறார். அவர் முத்தமிடுகிற இடத்தில் ஜிகினாவுக்கு என்ன வேலை?

சோடித்து முடித்ததும் நீங்களே முன்வரிசையில் போய் முழங்கால் போட்டுப் பாருங்கள். நின்று பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். பீடத்தின் மேல்விளிம்பு, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், நற்கருணைப் பேழை, அணையா விளக்கு என நாலும் கண்ணுக்குத் தடையில்லாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பூவைக் குறையுங்கள். ஒரு பக்கம் மட்டும், முழங்கால் உயரத்துக்கு ஒரு பூச்சாடி வைத்தாலே போதும். மிச்சப் பூவை மாதா கெபிக்குக் கொண்டு போகலாம்.

வாசக மேடையில் நன்கொடைப் பட்டியல்

இறைவார்த்தை வாசிக்கிற இடம் அது. அறிவிப்புக்கு வேறு மைக் வையுங்கள்.

பூசைக்கு ஐந்து நிமிடம் முன்பு மைக் சோதனை

சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். பூசைக்கு முன்பிருந்தே கோவிலிலும், குருவானவர் பூசைக்குத் தயாராகும் அறையான சக்ரீஸ்திலும் அமைதி காக்கும்படி அதே விதிமுறைகளில் சொல்லியிருக்கிறது. ஜெபிக்க வந்து உட்கார்ந்தவர் காதில் "ஹலோ, ஒன் டூ த்ரீ" விழக் கூடாது.

தவக்காலத்தில் பூ

அதே 305-ஆம் எண்தான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ கிடையாது. நான்காம் ஞாயிறும், பெருவிழா, விழா நாட்களும் மட்டும் விதிவிலக்கு.

இதில் மலைப்பக்கத்துப் பிள்ளைகள் பாடுதான் கஷ்டம். ஏற்காட்டில் மார்ச் வாக்கில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், எட்டு பத்து நாளில் காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். பெரும்பாலும் அது தவக்காலமாகத்தான் இருக்கும். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒரு வருடம் நாலு கிளை கொண்டுவந்து நீட்டினான். கிட்டத்தட்ட மல்லிகை வாசம், சக்ரீஸ்து முழுக்க. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "மார்ச் 19 சூசையப்பர் பெருவிழா. அன்றைக்கு வைக்கலாம், அப்போது கொண்டு வா" என்றேன். காப்பிப் பூ இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த வருடம் 18-ஆம் தேதி ராத்திரி, மலையில் இருந்து வந்த கடைசி பஸ்ஸில் ஈரத்துணி சுற்றிய இரண்டு கிளையோடு வந்து இறங்கினான். செம்பில் தண்ணீர் ஊற்றி, சூசையப்பர் சுரூபத்தின் காலடியில் வைத்தோம்.