திண்ணையும் கயிறும் போதும்: மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வலிமைப் பயிற்சி

மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம் வரை, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இயன்முறை மருத்துவர் என்பது பதவியின் பெயர். ஊருக்குள் நான் டீச்சர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது எண்ணெய்க் கிண்ணம்தான். “தினமும் உருவிவிடுகிறேன் டீச்சர், கால் மட்டும் இளக மாட்டேன் என்கிறது” என்பார் அப்பத்தா. உருவிவிடுங்கள், தப்பில்லை, பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், நன்றாகத் தூங்கும். ஆனால் படுத்திருக்கும் பிள்ளையின் காலை நாம் உருவினால் வலு ஏறுவது நம் கைக்குத்தான்.

விறைத்த கால் பலமான கால் அல்ல. மூளையின் கட்டளை ஒழுங்காக வந்து சேராததால் தசை வேண்டாத நேரத்தில் இறுகுகிறது. வேண்டிய நேரத்தில் முழுதாகச் சுருங்க முடியாமல் தவிக்கிறது. இரண்டும் ஒரே தசையில் நடக்கலாம். நுனிக்காலில் நடக்கும் பையனின் ஆடுசதையைப் பார்த்து “எப்படி உருண்டு திரண்டிருக்கிறது” என்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தச் சொல்லுங்கள், சாயம் வெளுத்துவிடும். எடை தூக்கினால் இறுக்கம் கூடும் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். 1990களிலிருந்து வந்த ஆய்வுகள் அப்படிக் கூடுவதில்லை என்று காட்டின. வீடுகளில் மட்டும் அந்தப் பயம் இன்னும் குடியிருக்கிறது.

தொடங்கும் முன் சில விஷயங்களைக் கறாராகப் பார்த்துவிட வேண்டும். பிள்ளைக்குச் சுமார் ஏழு வயதாகி, “எழுந்திரு, மெதுவாக உட்கார்” என்றால் புரிந்து செய்ய வேண்டும். இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். நடக்காத பிள்ளைகளுக்குத் தொடை எலும்பு கிண்ணத்திலிருந்து மெல்ல விலகும் ஆபத்து அதிகம். தொடையை அகற்றும்போது அழுதாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தாலோ, இறுக்கத்துக்கு ஊசி போட்டிருந்தாலோ, எப்போது தொடங்கலாம் என்பதைச் சிகிச்சை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். முதல் சில நாள் ஒரு இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இயன்முறைச் சிகிச்சை உண்டு.

இனி எடைக் கணக்கு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தினமும் ஐம்பது தடவை காலை ஆட்டினால் வலிமை வராது. எட்டாவது தடவை மூச்சு வாங்கி, பத்தாவது தடவை ‘போதும்’ என்று முகம் சொல்ல வேண்டும். அதுதான் சரியான சுமை. முதல் இரண்டு வாரம் சுமையே வேண்டாம், அசைவு பழகட்டும். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு தடவை ஒரு சுற்று. ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. மறுபடி ஒரு சுற்று, முடிந்தால் மூன்றாவது. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. பன்னிரண்டு தடவையை இரண்டு பயிற்சி நாள்களில் தொடர்ந்து அலட்டிக்கொள்ளாமல் செய்துவிட்டால் அரைக் கிலோ கூட்டுங்கள். குறைந்தது பன்னிரண்டு வாரமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

சுமைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. காலில் கட்ட வேண்டுமானால் பழைய துணியில் பை தைத்து மணல் நிரப்புங்கள். கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எடை நிலைக்காது, தோலையும் அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.

பயிற்சிகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று சொல்லும் தாய்மாருக்கு நான் கொடுப்பது, உட்கார்ந்து எழுவது. முதுகு சாயாத முக்காலியில் பிள்ளையை உட்கார வையுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். முக்காலியிலிருந்து எழ முடியாவிட்டால் உயரமான இருக்கையில் தொடங்கி, வாரங்கள் போகப்போக உயரத்தைக் குறையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, பிறகு எழ வேண்டும். முட்டிகள் ஒன்றோடொன்று உரசினால் பழைய சைக்கிள் டியூபை வளையமாக்கி முட்டிக்கு மேலே மாட்டி, அதை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழக் கூடாது. நான்கு எண்ணி இறங்கட்டும். அந்த இறக்கத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. சுமை ஏற்றும் கட்டம் வந்ததும் பள்ளிப் பையில் பாட்டில்களைப் போட்டு மார்புப் பக்கமாக மாட்டிவிடுங்கள். முதுகில் மாட்டினால் பின்னால் இழுத்துவிடும். எண்ணுவதைப் பிள்ளையே வாய்விட்டு எண்ண வேண்டும். பேச வராத பிள்ளை என்றால் தங்கையோ தம்பியோ எண்ண, இவன் சத்தம் கொடுக்கட்டும். மூச்சை அடக்காமல் இருப்பதற்கு அதைவிட எளிய வழி கிடையாது.

இரண்டாவது திண்ணைப் படி. சுவரில் ஒரு கை. பலவீனமான கால் படிமேல் பக்கவாட்டில் இருக்க, மற்றக் காலைத் தரையில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். நான்கு விரற்கடை உயரமுள்ள பலகை தொடக்கத்துக்குப் போதும். மீன் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் படியாக்குகிறார்கள். சிமெண்டுத் தரையில் அது வழுக்கும், வேண்டாம்.

பாயில் மல்லாந்து, முட்டியை மடக்கி, இடுப்பை உயர்த்தி மூன்று எண்ணி இறக்குவது புட்டத் தசைக்கு. நடக்கும்போது முட்டி மடங்கி, குந்தினாற்போல் நடக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சேருங்கள்.

கைக்குக் கயிறு. அந்த மீன் பெட்டிக்கு உண்மையான உபயோகம் இதுதான். பெட்டியில் இரண்டு பாட்டில் வைத்து, படகுக் கயிற்றை நான்கு பாகம் (சுமார் ஏழு மீட்டர்) நீளத்துக்குக் கட்டி, முற்றத்தின் அந்தக் கோடியில் வையுங்கள். பிள்ளை இந்தக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்து, கை மாற்றிக் கை மாற்றி இழுக்க வேண்டும். ஒரு கை மடங்கியே இருக்கும் பிள்ளைகள்கூட இதில் அந்தக் கையையும் கொண்டுவந்துவிடுகிறார்கள், அப்பா நங்கூரம் இழுப்பதை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகள் அல்லவா! கயிறு பழையதாக, மிருதுவாக இருக்கட்டும். புது நைலான் உள்ளங்கையைக் கிழிக்கும்.

தானாக உட்கார முடியாத பிள்ளைகளுக்கு இந்தச் சுமைக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு நிற்க வைக்கும் சட்டகம், தலையை நிமிர்த்துதல், தாங்கலோடு உட்கார்தல் என்று வேறு திட்டம் வேண்டும். அதை நேரில் பார்த்துத்தான் எழுத முடியும்.

கடல் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் அலை குறைவு, ஆழமும் குறைவு. இடுப்பளவு தண்ணீரில் உடம்பு லேசாகிவிடுவதால் தரையில் நிற்க முடியாத பிள்ளையும் நின்று அடி எடுத்துவைக்கலாம். அது நடைப் பழக்கம். எடைப் பயிற்சிக்கு மாற்று ஆகாது. கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும், சொறி மீன் ஒதுங்கும் நாள்களில் இறங்கவே கூடாது, வலிப்பு வரும் பிள்ளையை இறக்கவே வேண்டாம். காய்ந்த மணலில் நடப்பது நல்ல சுமைதான். ஆனால் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்க மாட்டும் காலுறைக் கருவிக்குள் மணல் புகுந்தால் உணர்வு குறைந்த தோல் புண்ணாகும்; வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கழுவுங்கள்.

பயிற்சிக்கு மறுநாள் தொடை வலித்தால் பயப்படாதீர்கள், இரண்டு நாளில் போய்விடும். மூட்டு வீங்கினாலோ, தொடை இடுக்கு வலித்தாலோ, இறுக்கம் மறுநாளும் தணியாமல் இருந்தாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். எழும்போது கால் சற்று விறைப்பது சாதாரணம்.

வலிமை ஏறினால் நடை தானாக வரும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. பஸ் படி ஏற வேண்டுமென்றால் பஸ் படியைத்தான் பழக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் கால் மணி நேரம் பிள்ளைக்கு எது வேண்டுமோ அதைச் செய்ய விடுங்கள்: தரையிலிருந்து எழுவது, குடத்தைத் தூக்கி வைப்பது, வாசற்படி தாண்டுவது. மாதம் ஒருமுறை, முப்பது வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார்கிறான் என்று எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். “நன்றாக இருக்கிறான்” என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். தொடங்குவதற்கு நல்ல காலம். அப்பா பிடித்துக்கொண்டால் பிள்ளைக்குத் தைரியம் வரும். ஆனால் 61 நாள் என்பது ஒன்பது வாரம்கூட இல்லை. பன்னிரண்டு வாரம் முடியுமுன் அவர் கடலுக்குப் போய்விடுவார் என்பதால் அம்மாவோ அண்ணனோ முதல் நாளிலிருந்தே கூட நின்று கற்றுக்கொள்ள வேண்டும். எந்த மாதமானாலும் வெயில் ஏறுவதற்கு முன் காலையில் செய்யுங்கள். பயிற்சி நாளில் ஒரு முட்டையோ, நான்கு நெத்திலியோ கூடுதலாகக் கொடுங்கள்.

காய்ச்சல், ஐப்பசி மழை, திருவிழா என்று ஏதாவது வந்து இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். பழைய எடையில் பாதியை வைத்து, ஒரே ஒரு சுற்றாகத் தொடங்கி, இரண்டு வாரத்தில் மேலே ஏற்றுங்கள். அந்த இடைவெளியில் பிள்ளை மளமளவென்று வளர்ந்திருந்தால் முக்காலியின் உயரத்தையும் காலுறைக் கருவியின் அளவையும் புதிதாகப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.