பிக்கப் பாடியில் போல்ட் மரை போய்விட்டால்: ரோல் பார், கேரியர் மாட்டுபவர்களுக்கான செய்முறை

பிக்கப்பின் பின் பாடியில் ரோல் பார் (கேபினுக்குப் பின்னால் நிற்கும் குழாய்ச் சட்டம்), கேரியர், கேனபி (பாடியை மூடும் கூடு) என்று எதை மாட்டினாலும் கடைசியில் நாலைந்து போல்ட்டில்தான் எல்லாம் நிற்கிறது. அதில் ஒன்று முறுக்க முறுக்க இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது என்று அர்த்தம். என் வண்டிக்கு ரோல் பார் மாட்டிய கடையில் இம்பாக்ட் ரெஞ்சை (அடித்து அடித்து முறுக்கும் பவர் டூல்) வைத்து ஒரே அழுத்தாக அழுத்தி ஒரு பக்கத்து மரைகளைத் தின்றுவிட்டார்கள். "ஒரு சைஸ் பெரிய போல்ட் போட்டுடலாம் சார்" என்பதுதான் அவர்கள் சொன்ன தீர்வு. வேண்டாம் என்று வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்து நானே சரிசெய்தேன். அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடித் தகடு மிக மெல்லியது. அந்தத் தகட்டில் மரை இருக்கவே முடியாது. தகட்டுக்குப் பின்னால் ஒரு நட்டை வெல்டு செய்து வைத்திருப்பார்கள். மரை அதில்தான் இருக்கிறது. அந்த வெல்டு நட்டு இன்னும் அசையாமல் நிற்கிறதா, பிய்ந்துவிட்டதா என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியமே மாறும். இதைப் பார்க்காமல் கடைக்குப் போய் எதையும் வாங்காதீர்கள்.

படி 1: எது போயிருக்கிறது?

போல்ட்டைக் கழற்றும் திசையில் சுற்றுங்கள். சுற்றிக்கொண்டே மெல்ல வெளியே வந்தால் நட்டு நிற்கிறது, மரை மட்டும் போயிருக்கிறது. வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல் சும்மா சுற்றினால், பின்னால் நட்டே வெல்டை விட்டுப் பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது.

சில சமயம் மரை போன போல்ட்டும் வெளியே வர அடம்பிடிக்கும். போல்ட் தலைக்கு அடியில் தட்டை ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பிக்கொண்டே எதிர்ப்பக்கம் சுற்றினால், மிச்சமிருக்கும் மரை பிடித்து வெளியே வந்துவிடும். வெளியே வந்த போல்ட்டின் மரை இடுக்குகளைப் பாருங்கள். ஸ்ப்ரிங் மாதிரி மெல்லிய கம்பிச் சுருள் சிக்கியிருந்தால், அதுதான் உங்கள் நட்டின் மரை.

படி 2: பிட்ச் பாருங்கள்

என் வண்டியில் நடந்த கூத்துக்குக் காரணமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்டுவேர் கடையில் "10 எம்எம் போல்ட்" என்று கேட்டால் பெரும்பாலும் 1.5 பிட்ச் உள்ளதைத்தான் கொடுப்பார்கள். அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 1.5 மி.மீ. ஆனால் இசுஸு, டொயோட்டா போன்ற ஜப்பானிய வண்டிகளில் 10 எம்எம் போல்ட் பெரும்பாலும் 1.25 பிட்ச். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையால் திருகினால் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும் இடத்தில் நிறுத்தினால் பிரச்சினை இல்லை. "பெயின்ட் அடைத்திருக்கும்" என்று சொல்லி ஸ்பேனரைப் போட்டால் கதை முடிந்தது.

பிட்ச் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்கேல் போதும். ஒரு மரையின் உச்சியில் பூஜ்யத்தை வைத்து, அங்கிருந்து பத்து மரை தள்ளி உள்ள உச்சி எங்கே விழுகிறது என்று பாருங்கள். 12.5 மி.மீ. வந்தால் 1.25 பிட்ச், 15 மி.மீ. வந்தால் 1.5. இதை அந்தத் துளையில் முதலில் இருந்த போல்ட்டை வைத்தோ, பக்கத்தில் உள்ள நல்ல போல்ட்டை வைத்தோ செய்யுங்கள். புதிதாக வாங்கியதை அளந்து பயனில்லை.

இன்னொரு துப்பு, போல்ட் தலை. ஜப்பானிய வண்டிகளின் 10 எம்எம் போல்ட்டுக்கு வழக்கமாக 14-ஆம் நம்பர் ஸ்பேனர் சேரும். ஹார்டுவேர் கடை போல்ட்டுக்கு 16 அல்லது 17. பாடியில் ஒரு இடத்தில் 14, பக்கத்தில் 17 என்று மாறி மாறி இருந்தால் யாரோ வெளிப் போல்ட்டைத் திணித்திருக்கிறார்கள். 8 எம்எம் போல்ட்டில் இந்தத் தலைவலி குறைவு. அது இரண்டு இடத்திலும் பெரும்பாலும் 1.25 பிட்ச்தான்.

படி 3: மரை நசுங்கியிருந்தால்

முதல் இரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால் சுத்தம் செய்தாலே போதும். சரியான பிட்ச் உள்ள பழைய போல்ட் ஒன்றை எடுத்து, ஹேக்சா பிளேடால் அதன் நீளவாக்கில் மூன்று கோடு வெட்டுங்கள். ஓரங்களில் உள்ள பிசிரை அரத்தால் தேயுங்கள். எண்ணெய் விட்டு இதைக் கையால் உள்ளே ஏற்றி இறக்கினால் துரு, பெயின்ட், பிசிறு எல்லாம் அந்தக் கோட்டில் சேர்ந்து வெளியே வரும். டேப் (மரை வெட்டும் கருவி) போட்டால் இருக்கிற மரையையும் கொஞ்சம் செதுக்கிவிடும் என்பதால் நான் முதலில் இதைத்தான் செய்வேன்.

படி 4: நட்டு நிற்கிறது, மரை போயிற்று

இதற்கு ஹெலிகாயில். எஃகுக் கம்பிச் சுருள்தான் அது. பழைய துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதில் சுருளை ஏற்றினால் பழைய போல்ட்டே அப்படியே சேரும். பெரிய போல்ட் போடும் யோசனை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம், நட்டின் சுவர் மெலிந்துவிடும், ரோல் பார் பிராக்கெட்டின் துளையையும் பெரிதாக்க வேண்டும், அடுத்து கழற்றுபவர் நம்மைத் திட்டுவார்.

8 எம்எம் ஹெலிகாயிலுக்கு 8.3 மி.மீ. டிரில், 10 எம்எம்முக்குச் சுமார் 10.4. செட்டிலேயே பெரும்பாலும் டிரில் பிட் வரும். டேப்பும் அந்தச் செட்டில் வருவதையே பயன்படுத்த வேண்டும், சாதாரண 8 எம்எம் டேப் இதற்கு உதவாது. 10 எம்எம் செட் வாங்கும்போது 1.25 பிட்ச் என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய வெல்டு நட்டுக்குக் குட்டையான சுருள்தான் சரி. 8 எம்எம்முக்கு 8 மி.மீ. நீளம் என்ற கணக்கில் எடுங்கள்.

டிரில் போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் பைப், பின் விளக்கு வயர் எல்லாம் பாடிக்கு அடியில்தான் ஓடுகின்றன. டிரில் பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஆழக் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

மரை வெட்டும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் என்ஜின் ஆயிலாவது. டேப் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். டேப் வாங்கும்போது டோட்டம், அடிசன் மாதிரி கம்பெனிகளின் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டேப்பாக வாங்குங்கள். பெட்டி நிறைய இருபது சைஸோடு மலிவாக வரும் செட்டுகள் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

சுருளை மேல் விளிம்பிலிருந்து அரைச் சுற்று உள்ளே இறங்கும் வரை ஏற்றுங்கள். தகட்டின் துளை நட்டின் துளையைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே சுருள் தகட்டைத் தாண்டி நட்டின் மரையில்தான் பிடிக்க வேண்டும். கடைசியில், சுருளின் அடியில் குறுக்கே நிற்கும் சிறு கம்பியை பஞ்ச் (punch) என்னும் இரும்புக் குச்சியால் தட்டி உடைத்துவிடுங்கள். உடைக்காவிட்டால் போல்ட் அதில் முட்டி, "மறுபடியும் மரை போச்சே" என்று தோன்றும்.

படி 5: நட்டே பிய்ந்துவிட்டது

பின்பக்கம் கை போகுமானால் வேறு யோசனையே வேண்டாம். பிய்ந்த நட்டை எடுத்துவிட்டு, நீளமான போல்ட், பின்னால் 5 மி.மீ. கனமுள்ள தகட்டுத் துண்டு, நைலான் லாக் நட்டு. எல்லாவற்றிலும் உறுதியானது இதுதான். கூரைக் கூடாரம் வைக்கும் கேரியருக்கு இதைத் தவிர வேறெதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கை போகாத இடத்துக்கு ரிவெட் நட்டு, அதாவது முன்பக்கமிருந்தே துளையில் செருகி டூலால் இழுத்துப் பிடிக்கவைக்கும், உள்ளே மரை உள்ள குழாய். 8 எம்எம்முக்கு வழக்கமாக 11 மி.மீ. துளை, 6 எம்எம்முக்கு 9. பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே இறுதி. அலுமினிய ரிவெட் நட்டு நம்பர் பிளேட்டுக்குப் போதும். கேரியருக்கு எஃகு வாங்குங்கள், உடம்பில் வரி வரியாக இருப்பதாக.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய வெல்டு நட்டின் துண்டு தகட்டின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியே 11 மி.மீ. துளை போட்டு ரிவெட் நட்டைச் செருகுவார்கள். ரிவெட் நட்டு தகட்டுக்குப் பின்னால் உப்பினால்தான் பிடிப்பு. பழைய நட்டின் மிச்சம் இருந்தால் ரிவெட் நட்டு அந்த மிச்சத்தின் துளைக்குள்ளேயே அடங்கிவிடும், உப்ப இடமிருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் அழகாக உட்கார்ந்திருக்கும். முதல் முறை இறுக்கியதும் சுற்றும். ஆகவே மிச்சத்தை உளியால் தட்டி முழுதாக எடுங்கள். மூடிய பெட்டிச் சட்டமாக இருந்தால் உள்ளே விழ விடாமல் காந்தத்தால் பிடியுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஓடும் காலமெல்லாம் சலங்கை கட்டிக்கொண்டே ஓடும். பிராக்கெட்டில் நீள்துளை இருந்தால் பழைய துளையை விட்டுவிட்டு ஓர் அங்குலம் தள்ளிப் புதிதாகப் போடுவது இன்னும் சுலபம்.

துளையின் ஓரத்தில் பிசிறு எடுத்து, சிங்க் பிரைமர் தடவி, காய்ந்த பிறகே ரிவெட் நட்டைச் செருகுங்கள். இரும்புத் தூளை அன்றைக்கே கூட்டி எடுத்துவிடுங்கள். ஒரு மழை போதும், பாடி முழுக்கத் துருப் புள்ளி வரும். ரிவெட் நட்டைப் பிடிக்க இரண்டு கையால் அழுத்தும் நீளக் கைப்பிடி டூல்தான் நல்லது. ஒற்றைக் கை டூல் 8 எம்எம் எஃகுக்குத் திணறும். கைப்பிடி திடீரென்று கனத்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் ரிவெட் நட்டின் மரையே உரிந்துவிடும்.

படி 6: இறுக்குவது

எல்லா போல்ட்டையும் கையால் நாலு சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். 8.8 கிரேடு (தலையில் 8.8 என்று பொறித்திருக்கும்) 8 எம்எம் போல்ட்டுக்கு உலர்ந்த நிலையில் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10 எம்எம்முக்கு 50-ஐ ஒட்டி. கிரீஸ் தடவினால் இதில் கால் பங்கு குறையுங்கள். ரிவெட் நட்டில் இந்த அளவுக்குப் போகாதீர்கள், அதன் பாக்கெட்டில் உள்ள வரம்புதான் கணக்கு. அதிர்வில் தளராமல் இருக்க நீல நிற லாக்டைட் 243 மரைப் பசை ஒரு சொட்டு. கொஞ்ச நாள் ஓடிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

பாடியைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட், சீட் பெல்ட் போல்ட், டோ ஹுக் (வண்டியை இழுக்கும் கொக்கி) போல்ட், இவற்றில் மரை போனால் மேலே சொன்னது எதையும் செய்யாதீர்கள். சர்வீஸ் சென்டருக்கு விடுங்கள்.

பின்சேர்க்கை (கமென்ட்டில் கேட்டவை)

*நட்டு சுற்றுகிறது, போல்ட் வெளியே வரவே இல்லை:* நெம்பியும் வராவிட்டால் கிரைண்டரால் தலையை வெட்டுவதுதான் வழி. பெயின்ட் கருகாமல் சுற்றிலும் ஈரத்துணி வையுங்கள். மிச்சத் தண்டைப் பின்னால் தள்ளுமுன் அது எங்கே விழும் என்று பாருங்கள்.

*எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போட்டேன், பாதியில் இறுகி நின்றுவிட்டது:* எஸ்எஸ் போல்ட், எஸ்எஸ் நட்டு இரண்டும் சேர்ந்தால் உராய்வில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஹெலிகாயில் சுருளும் எஸ்எஸ்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்ட்டி சீஸ் (ஒட்டாமல் தடுக்கும் மசகு) தடவி மெதுவாகக் கையால் ஏற்றுங்கள். பவர் டூல் கூடவே கூடாது.

*ரிவெட் நட்டு சுற்றுகிறது:* அதன் வெளி விளிம்பை வைஸ் கிரிப்பால் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். பிறகு விளிம்பைப் பெரிய பிட்டால் செதுக்கி எடுத்து, அதே துளையைப் பெரிதாக்கி அடுத்த சைஸ் போடலாம்.

*டேப் உள்ளே உடைந்துவிட்டது:* ஹெச்எஸ்எஸ் டேப்பைச் சாதாரண பிட்டால் குடைய முடியாது, முயன்றால் பிட்டும் போகும். கழற்றக்கூடிய பிராக்கெட் என்றால் அம்பத்தூரிலோ கோவையிலோ உள்ள ஸ்பார்க் எரோஷன் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். துளைக்குச் சேதமில்லாமல் டேப்பை மட்டும் அரித்து எடுத்துக் கொடுப்பார்கள். வண்டியோடு வெல்டு ஆன நட்டு என்றால் அந்த நட்டையே வெட்டி எடுத்துவிட்டு நேராகப் படி 5-க்குப் போங்கள்.