ஏற்காட்டு மலைப்பாதைக்கு ஒரு மின்சைக்கிள்: பூட்டுதல், ஓட்டுதல், பேணுதல்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஓட்டுபவர் 70 கிலோ, வண்டியும் பையும் சேர்ந்து 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த 100 கிலோவை 1,220 மீட்டர் மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 330 வாட்-மணி ஆற்றல் வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்கியிருப்பது 360 வாட்-மணி. கணக்கு சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும், மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுவதாலும், டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னொரு பங்கு செலவாவதாலும், கால் மிதிக்காமல் வெறும் பேட்டரியை நம்பி ஏற்காடு ஏரிக்கரைக்குப் போய்ச் சேர முடியாது.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. மேலே ஏறுவதற்குச் செலவழித்த அதே 330 வாட்-மணி, இறங்கும்போது வண்டியிடமிருந்து வெளியேறியாக வேண்டும். நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் உள்ளங்கை அகலமுள்ள இரண்டு பிரேக்குகள் தாங்க வேண்டும். அதனால்தான் மின்சைக்கிள் வாங்கும் ஒவ்வொருவரிடமும் மோட்டாரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் நட்டு, போல்ட்டு, பிரேக் பற்றி மூன்று கேள்வி கேளுங்கள் என்று சொல்லிவருகிறேன்.

வாங்கும் முன் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பின் சான்றும் இருந்தால், அந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. ஓட்டுநர் உரிமமும் பதிவெண்ணும் தேவைப்படா. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு எதிரொளிப்பான்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கட்டுப்பாடு நீங்கிய வண்டி சட்டத்தின் பார்வையில் பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனம். அதன் சட்டகமும் பிரேக்கும் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவையும் அல்ல.

பெட்டியைப் பிரித்துப் பூட்டுதல்

பெட்டியில் வரும் வண்டியில் பொதுவாக முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல்கள், சீட் ஆகியவற்றை நாமே பூட்ட வேண்டியிருக்கும். 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீகள், பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், மோட்டார் அச்சின் நட்டுக்குப் பொருந்தும் 18 அல்லது 19 மில்லிமீட்டர் ஸ்பேனர், கொஞ்சம் கிரீஸ் ஆகியவை போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் ஒன்றும் இருந்தால், கையேட்டில் அச்சிட்டிருக்கும் நியூட்டன்-மீட்டர் எண்களைக் கணிப்பில் விடாமல் கடைப்பிடிக்கலாம்.

முதலில், முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கைப் பாருங்கள். என் முதல் மின்சைக்கிளைக் கடையில் பூட்டித் தந்தபோது ஃபோர்க் பின்முன்னாகத் திரும்பியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் திரும்பும்போதெல்லாம் ஷூவின் முனை முன்சக்கரத்தில் உரசியதை வண்டியின் அமைப்பே அப்படித்தான் போலும் என்று எண்ணி ஓட்டிவந்தேன். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் வட்டத்தகடு ஓட்டுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது என்று பொருள். சக்கரத்தின் விளிம்பையே கட்டைகளால் அழுத்தும் ரிம் பிரேக் வண்டியில் பிரேக் கைகள் ஃபோர்க்கின் முன்பக்கம் நிற்க வேண்டும்.

ஹேண்டில்பாரைப் பிடிக்கும் தண்டில், மேல்மூடியின் போல்ட்டை முதலிலும் பக்கவாட்டுப் போல்ட்டுகளைப் பிறகும் இறுக்குவதே முறை. மேல்மூடி போல்ட்டு வண்டியைத் தாங்குவதற்கானது அன்று. ஃபோர்க்கின் பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் செய்வதற்கானது. முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் கழுத்தில் டக்கென்ற ஆட்டம் தெரியக் கூடாது. அதே நேரத்தில் முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் தடையின்றி இருபுறமும் திரும்ப வேண்டும். இந்த நிலை கிடைத்ததும் முன்சக்கரத்துக்கு நேராகத் தண்டை வைத்து, பக்கவாட்டுப் போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலான தண்டுகளுக்கு அது 5, 6 நியூட்டன்-மீட்டர்தான். மேலும் இறுக்கினால் அலுமினியத்தின் மரை பிய்ந்துவிடும்.

இடது பெடலின் மரை எதிர்த்திசை மரை என்பதை மறந்து, வலது பெடலை இடப்பக்கம் திணித்து, பெடலைத் தாங்கும் கையான கிராங்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். பெடல் அச்சின் முனையில் இடதுக்கு L, வலதுக்கு R என்று எழுத்து பொறித்திருக்கும். அது தெளிவாக இல்லாவிட்டாலும், ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்போது முன்சக்கரத்தின் திசையில் தள்ளினால் இரு பெடல்களுமே இறுகும் என்று நினைவில் வைத்தால் போதும். மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றுகளை விரலாலேயே சுற்ற வேண்டும். விரலால் சுற்ற வரவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது. கழற்றி மீண்டும் தொடங்குங்கள். சீட் கம்பியில் ‘குறைந்தபட்சம் இதுவரை உள்ளே’ என்னும் கோடு சட்டகத்துக்குள் மறைந்திருக்க வேண்டும்.

சாதாரண சைக்கிளில் இல்லாத வேலை மோட்டார் அச்சில்தான் இருக்கிறது. சக்கரத்தின் நடுவே அமர்ந்த மோட்டார், சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது தன் அச்சைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். அச்சு திரும்பாமல் பிடித்திருப்பவை அதன் இருபுறமும் தட்டையாகச் சீவிய பகுதியும், சட்டகத்தின் பிளவுக்குள் நாக்குப்போல் நுழையும் ஒரு வாஷரும் மட்டுமே. வாஷரின் நாக்கு பிளவுக்கு வெளியே நின்றாலோ, நட்டு தளர்ந்தாலோ, ஓர் ஏற்றத்தில் அச்சு பிளவைத் தேய்த்துச் சுழன்று, அச்சின் வழியே வரும் ஒயர்களைக் கயிறுபோல் முறுக்கி அறுத்துவிடும். ஆகவே வாஷர் சரியாக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே நட்டை இறுக்குங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். மலையேறும் வண்டிக்கு, அச்சையும் சட்டகத்தையும் இணைக்கும் எஃகுக் கை ஒன்றைக் கூடுதலாகப் பூட்டுவது பயனுள்ள செலவு. பழைய சைக்கிளில் மோட்டார் தொகுப்பு பொருத்துபவர்கள், அலுமினிய ஃபோர்க்கில் முன்சக்கர மோட்டாரைப் பூட்டக் கூடாது. ஃபோர்க்கின் நுனி உடைந்தால் சக்கரமே கழன்று முன்னால் போய்விடும்.

மோட்டார் ஒயர், அச்சிலிருந்து சற்றுக் கீழே தொங்கிப் பிறகு மேலே ஏறுமாறு இருந்தால் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. இணைப்புகளில் அம்புக்குறி எதிரெதிரே நிற்க வேண்டும். நேராகத் தள்ள வேண்டுமே தவிர திருகக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, இடது பிரேக் லீவரையும் வலது பிரேக் லீவரையும் தனித்தனியே அழுத்துங்கள். எதை அழுத்தினாலும் மோட்டார் அந்தக் கணமே நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் லீவரில் உள்ள சுவிட்சு வேலை செய்யவில்லை. அந்த வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

சமவெளியிலும் மலையிலும்

முதல் சில நாள்கள், போக்குவரத்து இல்லாத திடலில் குறைந்த உதவி நிலையில் பழகுங்கள். கால் மிதிப்பதை உணர்ந்து மோட்டாரை இயக்கும் பெடல் சென்சார் உள்ள வண்டியில் கால் அசைந்த பிறகு ஒரு நொடி கழித்து மோட்டார் சேர்வதும், கால் நின்ற பிறகும் ஒரு கணம் தள்ளுவதும் உண்டு. சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் சிக்னலுக்காக நிற்கும்போது பெடல்மேல் காலின் எடையை வைத்திருந்தால், வண்டி தானாக முன்னால் நிற்கும் ஸ்கூட்டரில் முட்டக்கூடும். நிற்கும்போது ஒரு விரல் பிரேக்கில் இருக்கட்டும். சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கவசம் அணியுங்கள்.

மலைக்குப் போகும் நாளில் விடிந்ததும் அடிவாரத்தைக் கடந்துவிடுவது நல்லது. அடிவாரத்திலிருந்து மேலே சுமார் 20 கிலோமீட்டர் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சராசரியாக 100 மீட்டருக்கு ஐந்தாறு மீட்டர் ஏற்றம். சக்கரத்து மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றும். எனவே வேகம் நடைவேகத்துக்கு விழும்வரை உயர்ந்த கியரில் மோட்டாரை உந்தவிடாமல், ஏற்றம் தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு மாறி, கால் விரைவாகச் சுற்றும்படி மிதித்து, மோட்டார் சுமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஐந்தாறு வளைவுகளுக்கு ஒருமுறை நின்று மோட்டார் உறையில் உள்ளங்கையை வையுங்கள். சில நொடிகள்கூட வைத்திருக்க முடியாத சூடு என்றால் கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அவசரத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காதீர்கள்.

வளைவுகளில் பேருந்து சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது விதிதான். ஆனாலும் ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே இடப்புறம் ஒதுங்கி நின்று பேருந்தை விட்டுவிடுங்கள். மே மாதக் கோடை விழா நாள்களில் நெரிசல் மிகுதி. அப்போது ஏற்காட்டுக்கான மற்றொரு பாதையான குப்பனூர் வழியில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவதும் உண்டு. அந்த நாள்களில் சைக்கிளில் போகாமலிருப்பதே என் ஆலோசனை.

இறங்குவதற்கு முன் ஏற்காட்டிலேயே பிரேக் கட்டைகளின் கனத்தைப் பார்த்துவிடுங்கள். மோட்டார் உதவியை நிறுத்திவிட்டு, வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் திரும்ப வேண்டும். பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் தகட்டுக்கு ஆற நேரமே கிடைக்காது. ஆகவே முன்பிரேக்கும் பின்பிரேக்கும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து விடுங்கள், ஆறவிடுங்கள், மீண்டும் பிடியுங்கள். கருகல் வாடை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ உடனே நில்லுங்கள். ரிம் பிரேக் வண்டியில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். மழையில் ரிம் ஈரமாக இருந்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும்; மண்சரிவில் உருண்ட கற்களும், பயணிகள் போடும் தின்பண்டத்துக்காகச் சாலையில் குரங்குகளும் வளைவுக்கு அப்பால் இருக்கலாம்.

இறக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஆகும் என்று சிலர் நம்புகிறார்கள். உள்ளே பல்சக்கரம் உள்ள சக்கர மோட்டாரில், மோட்டாரைச் சுழற்றாமலேயே சக்கரத்தை உருளவிடும் ஃப்ரீவீல் இருப்பதால் அது நடக்காது. பல்சக்கரம் இல்லாத மோட்டார்களில் சிலவற்றில் அந்த வசதி உண்டு. ஆனால் இரவு ஏற்காட்டில் தங்கிப் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால், நிறைந்த பேட்டரி மேலும் வாங்க மறுத்து, மோட்டார் தந்துகொண்டிருந்த தடை திடீரென்று இல்லாமல் போகலாம். அதையே பிரேக்காக நம்பி இறங்காதீர்கள்.

பேட்டரியும் பராமரிப்பும்

லித்தியம்-அயன் பேட்டரிக்குச் சேலத்துக் கோடை கடுமையான எதிரி. பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் ஓட்டிவந்த பேட்டரி எளிதில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு சார்ஜரைச் செருகுங்கள். தகரக் கூரையின்கீழ் வண்டியை நிறுத்துபவர்கள் பேட்டரியை மட்டுமாவது கழற்றி உள்ளே வையுங்கள். 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் தருவது. அதோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றை, பிளக் பொருந்துகிறது என்பதற்காக மாட்டாதீர்கள். கட்டில்மேலும், வாசற்கதவு, மாடிப்படி போன்ற வெளியேறும் வழியிலும் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். எல்லோரும் உறங்கும் நேரத்திலும் வேண்டாம். உப்பியிருந்தாலோ, இனிப்பான இரசாயன வாடை வந்தாலோ, சீறல் கேட்டாலோ அந்தப் பேட்டரியின் வாழ்வு முடிந்துவிட்டது. புகை வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முயலாமல், முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தி, 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். அந்தப் புகை நஞ்சு. பல வாரங்கள் ஓட்டாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

வாரம் ஒருமுறை காற்றழுத்தத்தை டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட அளவுக்குச் சரிபாருங்கள். மோட்டாரின் இழுப்பு, சக்கரத்தின் கம்பிகளைச் சாதாரண சைக்கிளைவிட வேகமாகத் தளர்த்துவதால், விரலால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி தரும் கம்பி தளர்ந்திருக்கிறது. கோட்டம் எடுப்பதை அனுபவமுள்ள பழைய சைக்கிள் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அவர் கைப்பழக்கம் மோட்டார் சக்கரத்துக்கும் அப்படியே உதவும். செயினில் 12 அங்குலம் அளந்தால் இணைப்பு முள் சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். எண்ணெய் விடும்போது டிஸ்க் தகட்டில் ஒரு துளியும் தெறிக்கக் கூடாது. வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தத் தண்ணீர் மோட்டார், இணைப்புகள், பேரிங்குகள் மூன்றுக்கும் கேடு. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

பேட்டரி தளர்ந்துபோனபின், சில செல்களை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள்; பழைய செல்லும் புதிய செல்லும் ஒரே வேகத்தில் நிறைவதும் வடிவதும் இல்லை என்பதால் ஒன்று மற்றதை நசுக்கும். பழைய இரும்புக் கடைக்கும் குப்பை வண்டிக்கும் அது போகக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. எனவே முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வாங்கிய கடையிலேயே கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.